பிரசவ அறைத் தாள்களைப் பெற்றோரிடம் கொடுங்கள்

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கு, வணக்கம்.

மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளுக்குப் பிசியோதெரபி கொடுப்பது என் வேலை. முதல் நாள் வரும் அம்மாக்களிடம் ஃபைலைக் கேட்டால் துணிப்பையிலிருந்து எம்ஆர்ஐ படமும் டிஸ்சார்ஜ் சம்மரியும் வரும். பிரசவத்தைப் பற்றி அதில் இருப்பது பெரும்பாலும் ஒரே வரி: பிறந்தவுடன் குழந்தை அழவில்லை. ஏன் அழவில்லை என்பதற்கான தடயம் வேறு தாள்களில் இருக்கிறது. அவை ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிடுகின்றன.

பிரசவம் எப்படி நகர்கிறது என்று குறிக்கும் பார்ட்டோகிராப் என்ற கட்டம் போட்ட தாளில், அரை மணிக்கு ஒரு தடவையாவது குழந்தையின் இதயத் துடிப்பைக் குறிக்க வேண்டும். கருப்பை வாய் எத்தனை சென்டிமீட்டர் திறந்தது, வலி வர மருந்து எப்போது ஏற்றினார்கள் என்பதும் அதில் இருக்கும். துடிப்பு எப்போது இறங்கியது, யார் பார்த்தார், சிசேரியன் என்று எப்போது முடிவானது? யார் பொறுப்பு என்ற கேள்விக்கு விடை இந்த நேரங்களுக்கு நடுவில்தான் இருக்கிறது. குழந்தையின் இதயத் துடிப்பையும் தாயின் வலியையும் கருவி பதிவு செய்யும் சிடிஜி வரைபடம் தெர்மல் தாளில் அச்சாவது. நாளடைவில் தானே வெளுத்துவிடும்.

2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள்படி, கேட்டால் 72 மணி நேரத்தில் ஆவணங்களைத் தர வேண்டும். சரி, ஆனால் கேட்க வேண்டும் என்று யாருக்குத் தெரியும்? உள்நோயாளி ஆவணங்களை 3 ஆண்டு வைத்திருந்தால் போதும் என்கின்றன அதே விதிகள். குழந்தை உட்காரவில்லை, நிற்கவில்லை என்று அலைந்து நோயின் பெயர் தெரியவே பல வீடுகளில் ஒன்றரை, இரண்டு வயதாகிவிடுகிறது. நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கும் கெடுவும் 2 ஆண்டுதான். தாமதத்துக்குக் காரணம் சொல்லி அனுமதி கேட்கலாம். கையில் தாள் இல்லாமல் எதைக் காட்டுவது?

டாக்டர்களைக் கூண்டில் ஏற்ற இதை எழுதவில்லை. மூளை முடக்குவாதம் பலருக்குக் கருவிலேயே தொடங்கிவிடுகிறது. குறைப்பிரசவம், தொற்று என்று காரணங்கள் நிறைய. அப்போது டாக்டரைக் காப்பாற்றப்போவதும் இதே தாள்தான்.

1996-இல் எழும்பூர் அரசு மருத்துவமனையில் 29 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு விழித்திரைப் பரிசோதனை செய்யாததால் பார்வை போன வழக்கு உங்கள் துறைக்குத் தெரிந்ததுதான். டிஸ்சார்ஜ் சம்மரியில் எச்சரிக்கை எதுவும் இல்லை என்பதை உச்ச நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. சுமார் 1.8 கோடி ரூபாய் இழப்பீடு என்று தீர்ப்பு வந்தது 2015-இல். அந்தக் குழந்தைக்கு அப்போது 18 வயது முடிந்துவிட்டது.

பிறந்ததும் மூச்சுக்கு உதவி தேவைப்பட்ட அல்லது தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போன எந்தக் குழந்தைக்கும், பிரசவ அறைத் தாள்களின் நகலைக் கேட்காமலே டிஸ்சார்ஜ் அன்று கொடுக்க உத்தரவிடுங்கள். தாயின் பிக்மி எண்ணோடு (கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் பதிவு எண்) ஸ்கேன் செய்து, குழந்தை பள்ளி சேரும் வயது தாண்டும்வரையாவது வைத்திருக்கச் சொல்லுங்கள். அரசு மருத்துவமனைகளுக்கு உங்கள் சுற்றறிக்கை ஒன்று போதும். தனியாருக்கு 1997-ஆம் ஆண்டின் மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறது. விதியில் சேர்க்க வேண்டியிருந்தால் அந்த வேலையையும் இப்போதே தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஒரு பிசியோதெரபிஸ்ட்