முற்றத்துத் தூம்பு வழியாக வீட்டுக்குள் வரும் தெரு: நகராட்சி ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கும் பொறியியல் பிரிவு அலுவலர்களுக்கும் வணக்கம்.

மேலத்தெருவில் போன வாரம் இரவோடு இரவாகத் தார்ச்சாலை போட்டு முடித்துவிட்டார்கள். பழைய சாலையை ஓர் அங்குலம்கூடச் சுரண்டவில்லை. கலவையை அதன் மேலேயே கொட்டி ரோலர் ஓட்டினார்கள். அடுத்தது நாங்கள் குடியிருக்கும் கீழத்தெரு என்று கான்ட்ராக்டரின் ஆட்கள் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். நாங்கள் கேட்பது ஒன்றுதான்: பழைய சாலையைச் சுரண்டி எடுங்கள், எடுத்த கனத்துக்கே புதிய சாலையைப் போடுங்கள்.

இது நாங்களாகக் கண்டுபிடித்த கோரிக்கை அல்ல. 2021-இல் தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு, வீடுகள் தாழ்ந்துபோகாமல் இருக்க மேற்பரப்பைச் சுரண்டிய பிறகே சாலை போட வேண்டும் என்று அதிகாரிகளுக்கு அறிவுறுத்தினார். தங்களுக்குத் தெரியாத செய்தியல்ல. ஆகவே ஏன் சுரண்ட வேண்டும் என்று சட்டம் பேசப் போவதில்லை. சுரண்டாவிட்டால் ஒரு பழைய ஓட்டு வீட்டுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்பதை மட்டும் எழுதுகிறோம். அது சாலையில் நின்று பார்த்தால் தெரியாது.

கணக்கு எளிது. தார்ச்சாலையின் அடிக்கலவை 50 மில்லிமீட்டர், மேற்பூச்சு 25 முதல் 30. சேர்த்தால் மூன்று அங்குலம். நான்கு முறை அப்படிப் போட்டால் ஓர் அடி. சிமென்ட் சாலையென்றால் ஒரே தடவையில் ஆறு அங்குலம் ஏறிவிடுகிறது. பேவர் பிளாக் என்றால் கல்லே 60 அல்லது 80 மில்லிமீட்டர், அதற்கடியில் மணல் வேறு. கீழத்தெருத் திண்ணைகளுக்கு ஏற மூன்று படிகள் இருந்தன. இன்று ஒரு படிதான் வெளியே தெரிகிறது. மற்ற இரண்டும் சாலைக்குள் இருக்கின்றன.

படி போனதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது முற்றத்துத் தூம்பு, அதாவது முற்றத்து நீரை வெளியேற்றும் வடிகால்.

இந்த வீடுகள் திண்ணை, ரேழி (வாசலுக்கும் முற்றத்துக்கும் இடையிலுள்ள நடை), முற்றம், கூடம், அடுக்களை, கொல்லை என்று நீளவாக்கில் போகிறவை. கூரையின் பாதி தெருப்பக்கமும் கொல்லைப்பக்கமும் சரிகிறது, மீதிப் பாதி முற்றத்துக்குள் சரிகிறது. முற்றத்தில் விழும் நீர் ரேழியின் தரைக்கடியில் செல்லும் தூம்பு வழியாகத் தெருச் சாக்கடைக்குப் போக வேண்டும். முற்றத்திலிருந்து வாசலுக்கு ஏறக்குறைய முப்பது அடி. நூறுக்கு ஒன்று என்ற சரிவில் கட்டியிருந்தால் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் உள்ள இறக்கம் மூன்றரை அங்குலம். அந்த மூன்றரை அங்குலத்தை நம்பித்தான் வீடு முழுவதும் உலர்ந்து கிடக்கிறது. ஒரே ஒரு முறை சாலையையும் அதோடு சேர்த்துச் சாக்கடையையும் மூன்றரை அங்குலத்துக்கு மேல் உயர்த்தினால் இறக்கம் ஏற்றமாகிவிடும். பிறகு தூம்பு வெளியே கொண்டுபோகாது. உள்ளே கொண்டுவரும்.

ஐப்பசி மழையில் இதுதான் நடக்கிறது. சாக்கடை நிரம்பியதும் கறுப்புத் தண்ணீர் முற்றத்தின் மூலையில் ஊற்றெடுப்பது போலக் கிளம்புகிறது. முற்றம் நிரம்பி, தாழ்வாரத்தைத் தாண்டி, கூடத்துக்குள் ஏறுகிறது. முற்றத்து மழைநீரைக் கிணற்றுக்கோ உறிஞ்சு குழிக்கோ திருப்பியிருக்கும் வீடுகளில் சாக்கடை அதற்குள்ளும் இறங்குகிறது. 2003-இல் அரசு கட்டாயம் என்று சொன்னதால் அமைத்த மழைநீர்ச் சேகரிப்பு, இன்று கிணற்றைக் கெடுக்கும் வழியாகிவிட்டது.

தூம்பை அடைத்துவிடுங்கள் என்று தங்கள் அலுவலகத்தில் சொன்னார்கள். அடைத்தால் என்ன ஆகும் என்று யாராவது கணக்குப் போட்டுப் பார்த்தார்களா? முற்றத்துக்குள் சரியும் கூரையும் முற்றத்தின் திறந்த வாயும் சேர்ந்து 500 சதுர அடி என்று கொள்வோம். ஐந்து சென்டிமீட்டர் மழை, அதாவது ஐப்பசியில் சாதாரணமாகப் பெய்கிற ஒரு ராத்திரி மழை, அதில் 2,300 லிட்டர் தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டும். பத்தடிக்கு எட்டடி முற்றத்தில் அது ஓரடி உயரம் நிற்கும். சாக்கடைத் தண்ணீருக்குப் பதில் மழைத் தண்ணீரில் மூழ்கலாம் என்பதுதான் அந்த யோசனை.

ஒருவழி வால்வு வைத்தாலும் இதே கதிதான். நான்கு அங்குலக் குழாயில் தொங்கும் மூடி, தெருத் தண்ணீர் தள்ளும்போது மூடிக்கொள்ளும். மூடியிருக்கும் நேரமெல்லாம் வீட்டுத் தண்ணீரும் வெளியேறாது. ஓர் இலைச்சருகோ பாலித்தீன் துண்டோ இடையில் சிக்கினால் மூடவும் செய்யாது. எனவே வால்வோடு, முற்றத்து மூலையில் இரண்டடிக்கு இரண்டடி, மூன்றடி ஆழத்தில் ஒரு தொட்டி, அதில் அரை ஹெச்.பி. மோட்டார் என்று வைத்துக்கொள்கிறார்கள். கனமழையில் தெருவில் தண்ணீர் நின்றால் பாதுகாப்புக்காக மின்சாரத்தை நிறுத்துகிறார்கள். அது சரியான செயல்தான். ஆனால் மோட்டார் தேவைப்படும் நேரமும் அதுவே.

அப்போது மிஞ்சுவது வாளிதான். வாளி எடுக்க வேண்டியவர்கள் யார்? கூட்டுக் குடும்பத்துக்காகக் கட்டிய இந்த வீடுகளில் இன்று பெரும்பாலும் இரண்டு பேர்தான் இருக்கிறார்கள். பிள்ளைகள் வெளியூரில். இருப்பவர்கள் வயதான கணவனும் மனைவியும். பத்து லிட்டர் வாளியால் 2,300 லிட்டரை இறைக்க 230 தடவை குனிந்து நிமிர வேண்டும். மழை விடாவிட்டால் அந்தக் கணக்குக்கும் முடிவில்லை. கழிப்பறை கொல்லையில் இருக்கிறது. இரவில் அங்கே போக, பாசி பிடித்த தாழ்வாரத்தில் சாக்கடைத் தண்ணீரில் கால்வைத்து நடக்க வேண்டும். தெருத் தண்ணீரைத் தடுக்க வாசலில் செங்கல்லால் ஓரடித் தடுப்புக் கட்டினால், மூட்டு வலிக்காரர்கள் ஒவ்வொரு முறையும் அதைத் தாண்ட வேண்டும். கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அந்த வயதில் எழுந்து நடப்பது எளிதல்ல. தங்கள் பொறியாளர்கள் சாலையை மேடிட்டபோது இதை யாரும் மதிப்பீட்டில் சேர்க்கவில்லை.

தண்ணீர் வடிந்த பிறகும் சுவர் விடுவதில்லை. தட்டைச் செங்கலும் சுண்ணாம்புச் சாந்துமாக ஒன்றரை அடிக் கனத்தில் எழுப்பிய சுவர் இது. இதன் அடியில் ஈரம் தடுக்கும் கான்கிரீட் பட்டை கிடையாது. தரை உலர்ந்திருந்தால் தேவையும் கிடையாது. ஈர மண்ணிலிருந்து ஓதம் மேலே ஏறி, சுண்ணாம்புப் பூச்சின் வழியாகவே காற்றில் உலர்ந்துவிடும். இப்போது வெளிச்சுவரின் அடிப்பகுதியே சாலைக்குள் புதைந்து கிடப்பதால் ஈரம் உலர வழியில்லை. இடுப்புயரம் வரை ஏறுகிறது, அங்கே உப்புப் பூக்கிறது, பூச்சு பொரிந்து உதிர்கிறது. இதற்குச் சிமென்ட் பூசுவதும் டைல்ஸ் ஒட்டுவதும்தான் பலர் செய்வது, அது நோயை முற்ற வைக்கிறது. சிமென்ட் ஈரத்தை வெளியே விடாது. ஓதம் சிமென்ட் முடிகிற இடம் வரை ஏறி அதற்கு மேலே வெடிக்கும். செய்ய வேண்டியது, சிமென்ட்டைக் கொத்தி எடுத்து, ஈரக் கோட்டுக்கு ஓரடி மேல் வரை பழைய பூச்சையும் நீக்கி, சுவரை ஒரு கோடைக்காலம் உலரவிட்டு, ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்குக்கு மணல் மூன்று பங்கு சேர்த்துப் பூசுவது. மேலே சுண்ணாம்பு வெள்ளைதான், பெயின்ட் கூடாது. ஆனால் தெரு உயர்ந்தபடியே இருந்தால் இந்தச் செலவும் இரண்டு மழைக்குத்தான் வரும். நிலைக்கால்களின் அடிமரம் நனைந்து நனைந்து மக்குகிறது, பின்னாலேயே கரையான் வருகிறது. மக்கிய துண்டை வெட்டி எடுத்துப் புதிய தேக்குத் துண்டைப் பொருத்தும் தச்சர்களும் இன்று அரிது.

“ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்கிக்கொள்ளலாமே” என்பது அடுத்த அறிவுரை. சுவரின் அடியை வரிசையாகக் குடைந்து, இரும்புச் சட்டம் கொடுத்து, ஜாக்கிகளை ஒரே சீராகத் திருக வேண்டும். அடியில் கான்கிரீட் பீம் ஓடும் வீட்டில் அது நடக்கும். சுண்ணாம்புச் சுவர், தனித்தனி மரத்தூண், நடுவில் திறந்த முற்றம், மேலே ஒன்றோடொன்று கட்டாத நாட்டு ஓடு என்றிருக்கும் வீட்டில், ஒரு ஜாக்கி கால் அங்குலம் பிந்தினாலே சுவர் கீறும், ஓடு சரியும். வேறு வழி உள்ளே மண் கொட்டித் தரையை உயர்த்துவது. ஓரடி உயர்த்தினால் ஆறடி நிலை ஐந்தடியாகிறது. ஜன்னல் முழங்காலுக்கு வருகிறது, தூணின் அடிக்கல் புதைகிறது. தெருவை மூன்று அங்குலம் சுரண்ட மாட்டோம் என்பதற்காகத் தெருவிலுள்ள அத்தனை வீட்டையும் தூக்கச் சொல்வது எந்த ஊர் நியாயம் ஐயா?

தெரு குறுகல், சாலையைச் சுரண்டும் மில்லிங் இயந்திரம் நுழையாது என்று சொல்லப்படுகிறது. நெடுஞ்சாலையில் ஓடும் இரண்டு மீட்டர் உருளை நுழையாதுதான். அரை மீட்டர், ஒரு மீட்டர் உருளை கொண்ட சிறிய இயந்திரங்கள் இருக்கின்றன. கீழத்தெரு இருபது அடி அகலம். சுரண்டிய பரப்பைக் கூட்டித் தூசி நீக்கி, புதிய கலவை பழைய பரப்போடு ஒட்டுவதற்கான தார்ப் பூச்சை (டாக் கோட்) தெளித்து, அதன் பிறகே கலவை போட வேண்டும். தூசியின் மேல் போட்டால் முதல் மழையிலேயே பாளம் பாளமாகப் பெயரும், பிறகு சுரண்டியதால்தான் கெட்டது என்று பழி வரும். சுரண்டி எடுத்த கலவையும் வீணல்ல. அதை மறுபயன் செய்யும் முறையை சாலைப் பணிகளுக்கு நெறிமுறை வகுக்கும் இந்தியச் சாலைகள் காங்கிரஸ் என்ற அமைப்பு 120-ஆம் எண் கையேடாக 2015-இல் வெளியிட்டிருக்கிறது. மண் பாதையாகக் கிடக்கும் புறநகர்த் தெருக்களுக்கு அடித்தளமாகவாவது ஆகும்.

செலவு கூடும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்தச் செலவு இல்லாமல் போய்விடவில்லை. எஸ்டிமேட்டிலிருந்து நீங்கி, வீட்டு வரி ஒழுங்காகக் கட்டும் முதியவர்களின் ஓய்வூதியத்துக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். சமாளிக்க முடியாதவர்கள் விற்றுவிடுகிறார்கள். வாங்கியவர் இடித்துவிட்டு, சாலைக்கு மேல் மூன்றடி உயர்த்திக் கட்டுகிறார், அவர் வாசல் தண்ணீரும் பக்கத்து ஓட்டு வீட்டுக்கு வருகிறது. மரபுக் கட்டடங்களைக் காக்க வேண்டும் என்று மேடைகளில் கேட்கிறோம். காக்க நினைப்பவர்களின் வாசலிலேயே அதைக் குலைக்கும் வேலை நடக்கிறது. கோபமாக எழுதுவதாகத் தோன்றினால் மன்னியுங்கள், கோபம் உண்மைதான்.

ஆகவே பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். கீழத்தெருவில் பழைய சாலையைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய சாலை போட உத்தரவிடுங்கள். வேலை தொடங்குமுன் மட்டக்கருவி வைத்து, தெருவிலேயே தாழ்ந்த முற்றத்தின் தூம்பு மட்டத்தைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். சாக்கடையின் அடித்தளம் அதற்கும் கீழே இருக்கட்டும். சாக்கடை முதலில், சாலை பிறகு. புதிய சாக்கடைச் சுவர் எழுப்பும்போது வீட்டுத் தூம்புகளின் வாயைக் கான்கிரீட்டால் மூடிவிடுகிறார்கள். ஒவ்வொரு வாய்க்கும் நான்கு அங்குலக் குழாய் விட்டுக் கட்டச் சொல்லுங்கள். மில்லிங் வேலை எஸ்டிமேட்டில் இருக்கிறதா என்பதையும், இருந்தால் எத்தனை மில்லிமீட்டர் ஆழம் என்பதையும் தெருமுனையில் எழுதி ஒட்டச் செய்யுங்கள்.

மட்டம் பார்க்கும் நாளை ஒரு நாள் முன்னதாகத் தெரிவித்தால், எங்கள் தூம்பின் மூடியைத் திறந்து சுத்தம் செய்து வைத்திருப்போம். மற்ற வீட்டாரிடமும் சொல்லிவிடுகிறோம்.

இப்படிக்கு,
கீழத்தெருவில் ஓட்டு வீட்டில் குடியிருக்கும் தம்பதி