எச்.எஸ்.ஏ. பணம் டிசம்பரில் காலாவதி ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் வீட்டில் சானா அறை (சூட்டில் உட்கார்ந்து வியர்க்கும் அறை) வைப்பது பற்றி வந்த கட்டுரையில், எச்.எஸ்.ஏ. (மருத்துவச் செலவுக்கென்று வரிச் சலுகையோடு சேர்த்து வைக்கும் அமெரிக்கக் கணக்கு) பணத்திலேயே வாங்கிவிடலாம், முப்பது சதவீதம் மிச்சம் என்று ஒரு வரி இருந்தது. இதே வரியை ஒரு விளம்பரத்தில் பார்த்து நம்பி, 2023 நவம்பரில் 4,800 டாலருக்கு ஓர் இன்ஃப்ராரெட் சானா வாங்கியவர்கள் நாங்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

என் கணவருக்கு ரொம்ப நாளாக முதுகுவலி. பணம் கட்டும் பக்கத்திலேயே ஒரு கேள்வித்தாள் வந்தது. எங்கே வலி, எத்தனை மாதமாக, தூக்கம் எப்படி என்று வரிசையாக டிக் அடிக்க வேண்டும். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மறுநாள் காலை மெயிலில் 'மருத்துவத் தேவைக் கடிதம்' வந்துவிட்டது, கீழே ஒரு டாக்டரின் கையெழுத்தோடு. அந்த டாக்டர் என் கணவரின் முதுகைத் தொட்டுப் பார்த்ததில்லை. போனில்கூடப் பேசியதில்லை. எச்.எஸ்.ஏ. கார்டு எண்ணைப் போட்டோம், பணம் போனது. கார்டு வேலை செய்துவிட்டதே, அப்போ எல்லாம் சரிதான் என்று இருந்துவிட்டேன்.

அங்கேதான் தப்பு. எஃப்.எஸ்.ஏ. (ஆபீஸ் மூலம் வரும் இன்னொரு மருத்துவச் செலவுக் கணக்கு) என்றால் கணக்கை நடத்துபவர்கள் ரசீது கேட்பார்கள், பொருந்தாவிட்டால் திருப்பி அனுப்புவார்கள். எச்.எஸ்.ஏ.வில் அப்படி யாரும் தடுப்பதில்லை. எடுத்த பணம் மருத்துவச் செலவுக்குத்தான் போனது என்று காட்டும் பொறுப்பு முழுக்க நம் தலையில்.

2024 மார்ச் 6-ஆம் தேதி அமெரிக்க வரித்துறையான ஐ.ஆர்.எஸ். இதைப் பற்றியே ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. நாமே சொன்ன விவரத்தை மட்டும் வைத்து எழுதித் தரும் டாக்டர் குறிப்பு, பொதுவான ஆரோக்கியச் செலவை மருத்துவச் செலவாக மாற்றிவிடாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. அந்த மாதமே வரிக் கணக்கு போட உட்கார்ந்தபோது எங்கள் வரிக் கணக்கைப் பார்க்கும் கணக்காளர் (சி.பி.ஏ.) கேட்ட முதல் கேள்வி, "உங்க டாக்டர் இதைச் சொன்னாரா?" என்பதுதான். இல்லை என்றோம். சரி, இது மருத்துவச் செலவு இல்லை என்றே காட்டிவிடலாம் என்றார். அப்படிக் காட்டியதால், எடுத்த 4,800-க்கு 22 சதவீத வருமான வரி 1,056 டாலர். அதற்கு மேல் 20 சதவீத அபராதம் 960 டாலர். மொத்தம் 2,016. (65 வயதுக்குப் பிறகு என்றால் அபராதம் கிடையாது, வரி மட்டும்தான்.) நியூஜெர்சியும் கலிஃபோர்னியாவும் எச்.எஸ்.ஏ.வுக்கு மாநில வரிச் சலுகையே தருவதில்லை என்பதையும் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். நம்மவர்கள் இவ்வளவு பேர் இருக்கும் இரண்டு மாநிலங்கள்.

சானா உடம்புக்கு நல்லதா என்பது வேறு கேள்வி. பின்லாந்தில் குவோப்பியோ பகுதியில் 2,315 ஆண்களை இருபது ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2015-இல் வெளிவந்தது. அடிக்கடி சானாவில் உட்கார்ந்தவர்களிடம் திடீர் இதய மரணம் குறைவாக இருந்தது. ஆனால் அது 80 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் காயும் பின்லாந்து சானா. எங்கள் வீட்டுப் பெட்டி 55 டிகிரியில் நிற்கிறது. உடம்புக்கு நல்லது என்றே வைத்துக்கொண்டாலும் வரிச் சட்டம் அதைக் கேட்பதில்லை. ஒரு குறிப்பிட்ட நோய்க்குச் சிகிச்சையா என்றுதான் கேட்கிறது. வைட்டமின் மாத்திரைக்கும் இதே விதிதான்.

நாங்கள் ஏன் அவசரப்பட்டோம் என்பதையும் சொல்ல வேண்டும். டிசம்பருக்குள் செலவு செய்யாவிட்டால் பணம் போய்விடும் என்று என் கணவரின் ஆபீஸில் யாரோ சொன்னார்கள். அது எஃப்.எஸ்.ஏ.வுக்குத்தான். எச்.எஸ்.ஏ. பணம் எத்தனை வருஷமானாலும் அப்படியே இருக்கும், வேலை மாறினாலும் நம்மோடு வரும். பெரிய டிடக்டிபிள் (இன்ஷூரன்ஸ் பணம் தரத் தொடங்கும் முன் நாமே கட்ட வேண்டிய தொகை) உள்ள இன்ஷூரன்ஸ் எடுப்பவர்களுக்கு அந்தச் சுமையைத் தாங்கத்தானே இந்தக் கணக்கையே கொடுத்தார்கள்? 2024 ஜூலையில் பையனுக்கு நடுராத்திரி வயிற்றுவலி வந்து, விடிவதற்குள் அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் ஆனது. எங்கள் டிடக்டிபிள் 5,000 டாலர். எச்.எஸ்.ஏ.வில் இருந்தது 600 சொச்சம். ஆஸ்பத்திரி பில்லைப் பிடித்துக்கொண்டு பேஸ்மென்ட்டில் துணி துவைக்கப் போனபோது, மூலையில் அந்தப் பெட்டி, கண்ணாடிக் கதவில் பையனின் நீச்சல் துண்டு தொங்கிக்கொண்டு. மீதியைத் தவணையில் கட்டி முடிக்க அடுத்த மார்ச் ஆகிவிட்டது.

யாருமே வாங்கக் கூடாது என்று சொல்லவில்லை. மூட்டுவாதமோ வேறு நோயோ இருந்து, வருஷக்கணக்காகப் பார்த்துவரும் டாக்டரே பரிசோதித்து, இந்த நோய்க்கு இது தேவை என்று எழுதிக் கொடுத்தால் கதை வேறு. அப்போதும் சி.பி.ஏ.விடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வீட்டோடு சேர்த்துக் கட்டும் சானா என்றால், அதனால் வீட்டின் மதிப்பு எவ்வளவு கூடுகிறதோ அந்தத் தொகையைக் கழித்துத்தான் மருத்துவச் செலவாகக் காட்ட முடியும்.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். எச்.எஸ்.ஏ., எஃப்.எஸ்.ஏ. என்ற இந்த இரண்டு கணக்குக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு சி.பி.ஏ.வை வைத்தே எளிய தமிழில் ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். நவம்பர் இதழில் வந்தால் நல்லது. டிசம்பர் அவசரம் தொடங்குவதற்கு முன்பே வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
எடிசன், நியூஜெர்சி