கீழ்த்தளக் கழிப்பறைச் சாவி: அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் வணக்கம்.

நான்காவது மாடியில் இரண்டு பாத்ரூம்களை இடித்துக் கட்டிக்கொண்டிருக்கும் ஒப்பந்தக்காரன் நான். டெபாசிட் வாங்கி ரசீது போட்டவர் நீங்கள்தான் என்பதால் அறிமுகம் தேவையில்லை. காலை 10 முதல் 5 வரைதான் வேலை, மதியம் உளிச் சத்தம் கூடாது, ரப்பிஷை அன்றன்றே மூட்டை கட்டி இறக்க வேண்டும், லிஃப்டைத் தொடக் கூடாது. எல்லாவற்றுக்கும் சரி என்றேன். 50 கிலோ சிமென்ட் மூட்டைகளைப் படிக்கட்டில்தான் ஏற்றினோம். லிஃப்டில் கீறல் விழும் என்கிறீர்கள், நியாயம்தான். அதற்காக இதை எழுதவில்லை.

டிரைவர்களுக்கும் வாட்ச்மேனுக்கும் கீழ்த்தளத்தில் ஒரு கழிப்பறை இருக்கிறதே, அதை என் ஆட்களுக்கும் திறந்துவிடுங்கள். இவ்வளவுதான் கேட்கிறேன்.

என்னிடம் வேலை செய்யும் சித்தாள் அக்காவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். இந்த வெயிலில் தலையில் ரப்பிஷ் மூட்டையோடு நாலு மாடி இறங்கி ஏறுகிறவர், வீட்டிலிருந்து கொண்டுவரும் தண்ணீர் பாட்டிலை அப்படியே திருப்பி எடுத்துப் போவதை முதல் வாரம் நான் கவனிக்கவே இல்லை. கேட்டதற்கு, "குடிச்சா போவணுமே தம்பி" என்றார். காலை டீயையும் விட்டுவிட்டாராம்.

போன வியாழக்கிழமை அடக்க முடியாமல் பெட்ரோல் பங்க் கழிப்பறை வரை நடந்து போய்வந்தார். கேட்டில் நிறுத்திவிட்டார்கள். வெளியே போன வேலையாள் மறுபடி உள்ளே வர, வீட்டுக்காரர் போனில் ஓகே கொடுக்க வேண்டும். அவர் ஆபீஸில் மீட்டிங்கில் இருந்தார். அக்கா 40 நிமிடம் வெயிலில் நின்றார். கலவை எடுத்துக் கொடுக்க ஆளில்லாமல், குழைத்து வைத்ததில் பாதி இறுகிப் போனது. அந்த நஷ்டம் என்னோடு போகட்டும். செக்யூரிட்டி தம்பியையும் குறை சொல்லவில்லை, அவருக்கு நீங்கள் சொன்னது அதுதான்.

கட்டட வேலை நடக்கும் இடத்தில் கழிப்பறை இருக்க வேண்டும் என்று 1996-லேயே சட்டம் போட்டார்கள். வேலை கொடுப்பவர்தான் ஏற்பாடு செய்ய வேண்டும், அதுவும் பத்துப் பேராவது வேலை செய்யும் இடத்தில். நாங்கள் ஐந்து பேர். ஆகவே சட்டத்தைக் காட்டி உங்களை மிரட்ட முடியாது. சட்டம் இல்லாவிட்டாலும் பொறுப்பு என்னுடையதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாலாவது மாடி ஹாலில் நான் எங்கே கழிப்பறை கட்டுவது?

எங்களைப் போன்ற சின்ன ஆட்களின் பிழைப்பே இப்படித்தான். சிமென்ட் ஜிஎஸ்டி 2025 செப்டம்பரில் 28 சதவீதத்திலிருந்து 18 ஆனதும் கொட்டேஷனைக் குறைக்கச் சொல்லிப் போன் மேல் போன். கூலி ஏறினபோது ஒருவரும் கூப்பிடவில்லை. உங்கள் வளாகத்தில் நாய்களுக்குத் தனி இடம் ஒதுக்கி, போர்டு வைத்து, எடுத்துப் போடப் பையும் தொங்கவிட்டிருக்கிறீர்கள். நல்ல ஏற்பாடு. என் ஆட்களுக்கும் ஒரு போர்டு இருக்கிறது: 'வேலையாட்களுக்கு அனுமதி இல்லை'.

மன்னிக்கவும், கோபத்தில் எங்கோ போய்விட்டேன். கேட்க வந்தது கழிப்பறைச் சாவி.

வாட்டர் ப்ரூஃபிங் முடித்து, கசிகிறதா என்று பார்க்க இரண்டு பாத்ரூமிலும் 48 மணி நேரம் தண்ணீர் கட்டி வைத்திருக்கிறோம். திங்கட்கிழமை அதை இறைத்துவிட்டு டைல்ஸ் ஒட்டத் தொடங்குவோம். கம்மோடு கடைசியில்தான் வரும். வந்தாலும் புதுசில் என் ஆட்கள் போனால் வீட்டுக்காரர் முகம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

இன்னும் பன்னிரண்டு நாள் வேலை. பினாயில், பிரஷ் என் செலவு. கழுவவும் ஆள் போடுகிறேன். டெபாசிட்டில் பிடித்துக்கொள்வதென்றாலும் சம்மதம். திங்கட்கிழமை காலை 10 மணிக்குச் சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்து வையுங்கள், ஐயா. அக்கா வாங்கிக்கொள்வார்.

பணிவுடன்,
நான்காவது மாடி பாத்ரூம் ஒப்பந்தக்காரன்