மலாவியிலிருந்து திரும்பும் மகளுக்கு

தோட்டப்பாளையம்,
வேலூர்.

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஸ்தோத்திரம். டிக்கெட் போட்டாச்சு என்று நீ சொன்னதிலிருந்து, காட்பாடிக்கு எந்த வண்டியில் வருகிறாய் என்று அப்பா தினமும் கேட்கிறார். அக்னி நட்சத்திரத்தில் வந்து இறங்குகிறாய். மலாவியில் நர்ஸாக ஊழியம் செய்த ஒன்பது வருஷத்தில் நம் வெயிலை உன் உடம்பு மறந்திருக்கும். வந்ததும் அலையாதே.

ஒரு விஷயம் இதுவரை உன்னிடம் சொன்னதில்லை. 1996-ல் நாங்கள் நேபாளத்துத் தான்சேனிலிருந்து திரும்பியபோது உனக்கு நாலு வயது. எட்டு வருஷம் அங்கே மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். வந்த முதல் ஞாயிறே சர்ச்சில் சாட்சி சொல்ல ஐந்து நிமிஷம் கொடுத்தார்கள். சொன்னேன். எத்தனை பேர் ரட்சிக்கப்பட்டார்கள் என்று ஒருவர் கேட்டார். மதம் மாற்றுவது அங்கே சட்டப்படி குற்றம் என்று அவருக்கு எப்படி விளக்குவது? அதற்குள் எல்லோரும் டீ குடிக்கப் போய்விட்டார்கள். அன்றைக்கு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். என் கையில் பிறந்து என் கையிலேயே போன பிள்ளைகளைப் பற்றி யாரிடம் சொல்வேன்? கனவெல்லாம் நேபாளியில் வரும். விடிந்தால் அந்தப் பாஷை பேச ஆள் இருக்காது.

எதிர்வீட்டில் ஒரு பாட்டியம்மா இருந்தார், வீடு வீடாகப் போய் வேதம் சொன்ன அந்தக் காலத்து பைபிள் உமன். ஒரு சாயங்காலம் கிண்ணத்தில் மோர்க்குழம்போடு வந்து திண்ணையில் உட்கார்ந்தார். "அங்கே தண்ணி எங்கேயிருந்து எடுத்தே?" என்றார். அவ்வளவுதான் கேட்டார். ஊற்று, மலையேற்றம், குடத்தின் கனம், குளிரில் விறைத்த விரல் என்று ஆரம்பித்தவள் இருட்டும்வரை நிறுத்தவில்லை. இறந்த பிள்ளைகளைப் பற்றியும் அன்றைக்குத்தான் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டே கேட்டார்.

உனக்கு அப்படி ஒருத்தர் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். மாதம் இரண்டாம் சனிக்கிழமை நம் வீட்டில் ஏழெட்டுப் பேர் கூடுகிறோம். எல்லோரும் வெளிநாட்டில் ஊழியம் செய்துவிட்டுத் திரும்பினவர்கள். முதலில் சாப்பாடும் பேச்சும், ஜெபம் கடைசியில்தான். இலவம்பாடி முள்கத்திரிக்காய் கிடைக்கிற நாளில் சாப்பாட்டுக்கே நேரம் போய்விடும். யாராவது அழுதால் அழவிடுவோம், வசனம் சொல்லி அடக்கமாட்டோம்.

நம் ஆற்காட்டு மிஷனைத் தொடங்கிய ஸ்கட்டர் குடும்பத்தையே பார். நம் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஐடா அம்மாவின் தாத்தா ஜான் ஸ்கட்டர் 1842-ல் உடம்பு முடியாமல்தான் அமெரிக்கா போனார். அங்கேயும் ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளிடம் மிஷன் ஊழியத்தைப் பற்றிப் பேசினார். சில வருஷத்தில் மறுபடி இந்தியா வந்துவிட்டார். பெரிய மனிதர், குறை சொல்லவில்லை. ஆனால் நீ அப்படிச் செய்யக்கூடாது. இரண்டு மாதத்துக்கு உன்னை மேடை ஏற்றவேண்டாம் என்று ஆயரிடம் சொல்லிவிட்டேன். அவரும் சரி என்றார்.

மாடி ரூமுக்கு வெள்ளையடித்தாச்சு. ஆறு மாதத்துக்கு வேலை தேடாதே, அப்பாவின் பென்ஷன் போதும். முழுசாக ஒரு செக்கப் செய்துகொள். மலேரியா எத்தனை தரம் வந்தது என்று என்னிடம் நீ சொன்னதேயில்லை, டாக்டரிடமாவது சொல்லு. வந்து சில மாதம் கழித்துக் காய்ச்சல் வந்தாலும், மலாவியில் இருந்ததை முதலில் சொல்லிவிடு. நர்ஸுக்கே சொல்கிறேன் என்று நினைக்காதே, நம் உடம்பு என்றால் நாமே அசட்டையாக இருப்போம்.

அப்புறம், எங்களோடு வருகிற ஓர் அண்ணன் ஜாம்பியாவில் கிழக்குப் பக்கம் இருந்தவர். உன் சிச்சேவாவை அங்கே நியாஞ்சா என்பார்களாம், பாஷை ஒன்றுதான். பேச ஆள் இல்லாமல் இத்தனை வருஷம் இருந்துவிட்டார். நீ வருகிறாய் என்றதும் முகமே மாறிவிட்டது.

அவர் சொல்லித்தான் வெள்ளை மக்காச்சோளம் தேடி வாங்கி, அரைத்து வைத்திருக்கிறேன். உங்கள் ஊர் மக்காச்சோளக் களி, அந்த ந்சிமாவை எப்படிக் கிண்டுவது என்று நீ வந்துதான் எனக்குக் காட்டவேண்டும்.

அன்புடன்,
அம்மா