ஒரு வருடம் கூடவே இருக்க முடிந்தால் வாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வழிகாட்ட வேண்டும் என்று நிறையப் பேர் கிளம்பி வருகிறார்கள். ஐ.டி.யில் இருப்பவர்கள், வங்கியில் ஓய்வு பெற்றவர்கள், வெளிநாட்டிலிருந்து லீவுக்கு வந்தவர்கள் என்று எல்லாரும். ரொம்ப நல்ல விஷயம், வரட்டும். ஆனால் ஆகஸ்ட் தாண்டினால் இவர்களில் பலரைப் போனில் பிடிக்க முடிவதில்லை, பிள்ளைக்கு ஆள் தேவைப்படுவதே அப்போதுதான் ஆரம்பிக்கிறது. பல வருடமாக எங்கள் பகுதியில் இந்த வேலையில் இருப்பவன் என்பதால் கொஞ்சம் வெளிப்படையாகவே எழுதுகிறேன்.

கல்லூரியில் சேர்வதற்கு இன்று உதவி இல்லாமல் இல்லை. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் மருத்துவத்துக்கு வந்தது, அடுத்த வருடமே பொறியியல் போன்ற படிப்புகளுக்கும் வந்துவிட்டது. மாணவிகளுக்குப் புதுமைப் பெண், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் என்று மாதம் 1000 ரூபாயும் கிடைக்கிறது. குடும்பத்தில் முதல் ஆளாகப் பட்டப்படிப்புக்குப் போகிறவருக்குக் கட்டணச் சலுகை வாங்கித்தரும் முதல் பட்டதாரி சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, அது எந்த மேசையில் நிற்கிறது என்று பார்த்துச் சொல்வதும், அக்கா ஏற்கெனவே அந்தச் சலுகையில் படித்திருந்தால் தம்பிக்குக் கிடைக்காது என்று முன்கூட்டியே எச்சரிப்பதும் முக்கியமான வேலைகள்தான். ஆனால் அவை கல்லூரியில் சேர்வதோடு முடிந்துவிடும்.

அப்புறம்தான் முதல் செமஸ்டர் வருகிறது. பன்னிரண்டு வருடம் தமிழில் படித்த பையனுக்கு எல்லாப் பாடமும் திடீரென்று ஆங்கிலத்தில் ஓடுகிறது. வீட்டில் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை, அதனால் கேட்டுக்கொள்ளவும் ஆள் இல்லை. நான் பேசிவந்த ஒரு மெக்கானிக்கல் மாணவன் எப்போது கேட்டாலும் "நல்லாப் போகுது சார்" என்றுதான் சொல்வான். ஒரு ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, நடுவில், "சார், டி.சி. வாங்கணும்னா யாரைப் பாக்கணும்?" என்று கேட்டான். மெதுவாக விசாரித்தால், கணக்குத் தாளில் இன்டர்னல் மார்க் ரொம்பக் குறைவு, செமஸ்டரில் ஃபெயில் ஆகிவிட்டால் வருடமே போய்விடும், அந்த அவமானத்துக்கு முன்பே ஊருக்குப் போய்விடலாம் என்று முடிவு செய்து வைத்திருக்கிறான். அரியர் என்று ஒன்று இருப்பதும், அந்த ஒரு தாளை மட்டும் திரும்ப எழுதிக்கொள்ளலாம் என்பதும் அவனுக்குத் தெரியவே தெரியாது. விஷயம் அவ்வளவுதான். அவன் ஊருக்குப் போகவில்லை, படித்துக்கொண்டிருக்கிறான். முதல் போனிலேயே அந்தக் கேள்வியை அவன் கேட்டிருக்க மாட்டான். மாசக்கணக்காகச் சும்மா பேசிப் பழகியதால் வந்த கேள்வி அது.

இது என் அனுபவம் மட்டும் இல்லை. அமெரிக்காவில் பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ் என்ற பழைய அமைப்பின் வழிகாட்டிகளை வைத்துச் செய்த ஆய்வை கிராஸ்மன், ரோட்ஸ் என்ற இருவர் 2002-ல் வெளியிட்டார்கள். ஒரு வருடமோ அதற்கு மேலோ நீடித்த உறவுகளில்தான் பிள்ளைகளுக்கு அதிகப் பலன் இருந்தது. மூன்று மாதத்துக்குள் அறுந்துபோன உறவுகளில் பிள்ளைகளின் தன்மதிப்பு இன்னும் குறைந்திருந்தது. அதாவது பாதியில் விட்டுப் போனால் உதவி இல்லாமல் போவதோடு முடிவதில்லை, காயமும் ஆகிறது. ஏற்கெனவே அப்பா விட்டுப்போன வீட்டுப் பிள்ளையாக இருந்தால் அந்தக் காயம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

வருகிறவர்களிடம் இன்னும் ஒன்று. மேடையில் மைக் பிடித்து "கஷ்டப்பட்டால் ஜெயிக்கலாம்" என்று பேசாதீர்கள். கட்டட வேலைக்குப் போகும் அம்மாவைத் தினமும் பார்க்கிற பிள்ளைக்குக் கஷ்டத்தைப் பற்றி நாம் சொல்லித்தர ஒன்றுமில்லை. உங்கள் கதையைக் குறைத்துக்கொண்டு அவர்களைப் பேச விடுங்கள். வாரம் ஒரு நாள், ஒரே நேரத்தில் போன் செய்யுங்கள், செய்ய முடியாத வாரம் முன்பே சொல்லிவிடுங்கள். கையில் பணம் கொடுக்காதீர்கள், கொடுத்த அடுத்த வாரத்திலிருந்து பேச்சே மாறிவிடும். கட்டணப் பிரச்சினை என்றால் உங்களைச் சேர்த்த அமைப்பு வழியாகப் போங்கள். பெற்றோருக்குத் தெரியாமல் எதுவும் வேண்டாம், பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளையைத் தனியாக எங்கும் சந்திக்க வேண்டாம், நீங்கள் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி. பிள்ளை அடிபடுகிறது, கல்யாணப் பேச்சு எடுக்கிறார்கள் என்று தெரிந்தால் நீங்களே பஞ்சாயத்துக்குப் போகாமல் குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லுங்கள்.

தன்னார்வலர்களைச் சேர்க்கும் அமைப்புகளும் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று போட்டோ போடுவதை விட்டுவிட்டு, எத்தனை பேர் அடுத்த ஜூன் வரை இருந்தார்கள் என்று கணக்கு வைக்கட்டும். ஒருவர் நடுவில் விலக நேர்ந்தால் அந்தப் பிள்ளையிடம் நேரில் சொல்லி, அடுத்தவரை அறிமுகம் செய்துவிட்டுப் போகிற ஏற்பாடு இருக்க வேண்டும்.

ஒரு வருடம் முடியாது என்பவர்கள் சான்றிதழ், கவுன்சலிங் வேலைக்கு மட்டும் வாருங்கள், அதற்கும் ஆள் பற்றாமல்தான் திண்டாடுகிறோம். சேர்க்கை முடிந்ததும் கிளம்பிவிடுவேன் என்பதை மட்டும் பிள்ளைகளிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருவண்ணாமலை