காசிமேட்டுக்கு கேமராவோடு வரும் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படிக்கிற பிள்ளைகளுக்கு

அன்புள்ள தம்பி, தங்கச்சிகளுக்கு,

செமஸ்டர் ப்ராஜெக்ட் நேரம் வந்துவிட்டால் போதும், ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் எங்கள் துறைமுகத்தில் மீன் வாங்க வருகிறவர்களுக்குச் சமமாகப் படம் எடுக்க வருகிறவர்களும் நிற்கிறீர்கள். வாங்க, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் 'நகரம்', 'அடையாளம்' என்று எந்தத் தலைப்பு கொடுத்தாலும் உங்களுக்கு ஏன் வட சென்னை மட்டும் ஞாபகம் வருகிறது? அண்ணா நகரும் வேளச்சேரியும் நகரத்தில் சேர்த்தி இல்லையா?

போன வருடம் ஒரு கல்லூரிக் கண்காட்சியில் எங்கள் தெரு அக்கா ஒருத்தரைச் சுவரில் பார்த்தேன். ஆளுயரப் படம், கறுப்பு வெள்ளை, முந்தானையால் பாதி முகத்தை மூடியிருக்கிறார், கீழே 'வாழ்க்கைச் சுமை' என்று எழுதியிருந்தது. அவர் முகத்தை மூடியது சுமையால் இல்லை தம்பி, லென்ஸை மூக்குக்கு நேரே நீட்டினால் யாராக இருந்தாலும் மூடத்தான் செய்வார்கள். அன்றைக்கு சங்கராவை ஏலத்தில் மலிவாக எடுத்து பத்து மணிக்குள் கூடையைக் காலி பண்ணிவிட்டுப் போனவர் அவர், எங்கள் தெருவில் சீட்டு பிடிக்கிறவரும் அவர்தான். பேர் என்ன என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இதெல்லாம் தெரிந்திருக்கும். (இவ்வளவு வர்ணம் இருக்கிற துறைமுகத்தை எதற்குக் கறுப்பு வெள்ளை ஆக்குகிறீர்களோ, அது வேறு விஷயம்.)

இன்னொன்றும் இருக்கிறது. உங்கள் வகுப்பிலேயே எங்கள் குப்பத்துப் பிள்ளைகள் படிக்கிறார்கள். அந்தப் படங்கள் ப்ரொஜெக்டரில் ஓடி, 'பாவம்ல' என்று யாராவது சொல்லும்போது, ஏரியாவைக் கேட்டால் ராயபுரம் என்று மட்டும் சொல்லிவைத்த பிள்ளை பின் பெஞ்சில் குனிந்து உட்கார்ந்திருக்கும். அந்தப் பிள்ளையிடம் கேமராவைக் கொடுத்தால் என்ன எடுக்கும் என்று உங்கள் சார்களுக்குக்கூடத் தோன்றவில்லை பாருங்கள்.

தோன்றியவர் ஒருத்தர் இருக்கிறார். புகைப்படக்காரர் பழனிக்குமார், மதுரைக்காரர், அம்மா மீன் விற்றவர், கடன் வாங்கி கேமரா வாங்கினவர். மலக்குழியில் இறங்கும் தொழிலாளர்களை வருடக்கணக்காகப் படம் எடுத்தார், அப்புறம் வட சென்னைப் பிள்ளைகளுக்கே கேமரா பிடிக்கக் கற்றுக்கொடுத்து அவர்கள் எடுத்ததைக் காட்சிக்கும் வைத்தார். ப்ராஜெக்ட் தொடங்குவதற்கு முன்னால் அவர் படங்களைப் பாருங்கள்.

சரி, என்னதான் பண்ணச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். ஏலம் நடக்கிற நேரத்தில் வழியில் நிற்காதீர்கள். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை தடைக்காலம், 61 நாள் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. அப்போது வாங்க. படகுக்குப் பெயின்ட் அடிப்பார்கள், இன்ஜினைப் பிரித்துப் போட்டிருப்பார்கள், நிழலில் உட்கார்ந்து வலையைச் சரிபார்ப்பார்கள், பேசுவதற்கும் நேரம் இருக்கும். கேமராவைப் பையிலேயே வைத்துவிட்டு முதல் நாள் பேசிவிட்டு மட்டும் போங்கள். மறுபடி வரும்போது அவர்களே 'எடு' என்பார்கள்.

எடுத்ததைச் சுவரில் மாட்டுவதற்கு முன்னால் அதில் இருக்கிறவரிடம் காட்டுங்கள், தலைப்பையும் படித்துக் காட்டுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், மார்க் போனாலும் பரவாயில்லை. அந்த அக்காவுக்கு இன்னும் ஒரு பிரிண்ட் வரவேண்டியிருக்கிறது, யார் எடுத்ததோ கொண்டுவந்து கொடுங்கள். கலரில் இருந்தால் நல்லது.

இப்படிக்கு,
காசிமேட்டிலிருந்து ஒரு அண்ணன்