நாய் வண்டி பற்றி நீ கேட்டதற்கு

அன்புள்ள வசந்தி,

அம்மாவின் முழங்கால் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. இன்னும் ஒரு மாதம் அவரை மாடிப்படி ஏற விடாதே. இங்கே எல்லோரும் நலம், பெரியவன் வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டான்.

டிசம்பரில் வரும்போது கனடாவின் விஸ்லர் பனிமலைப் பக்கம் நாய் வண்டிச் சவாரிக்கு, அதாவது நாய்கள் பனியில் இழுத்துப் போகும் ஸ்லெட் வண்டிக்கு, பதிவு செய்யட்டுமா என்று கேட்டிருந்தாய். உடனே சரி சொல்ல முடியவில்லை, அதனால்தான் இவ்வளவு தாமதம்.

இரண்டு வருடம் முன்னால் நாங்களும் ஓர் இடத்துக்குப் போனோம். சவாரி அருமை. முடிந்ததும் சின்னவள் கழிப்பறை தேடிப் பின்பக்கம் போக, நானும் கூடவே போனேன். அங்கே வரிசையாக நாய்கள், ஒவ்வொன்றும் ஒரு கம்பத்தில் சங்கிலியோடு. கடைசியில் ஒரு சாம்பல் நிற நாயின் தண்ணீர்ச் சட்டி அடிவரை உறைந்து கிடந்தது, அது அந்தப் பனிக்கட்டியை நக்கிக்கொண்டே இருந்தது. வீட்டுக்கு வந்ததும் விலங்கு வதைத் தடுப்புச் சங்கமான எஸ்பிசிஏவின் உதவி எண்ணைக் கூப்பிட்டு, நாய்கள் ஒல்லியாக இருக்கின்றன, பாவமாக இருக்கிறது, ஏதாவது செய்யுங்கள் என்று கொட்டித் தீர்த்தேன்.

எதிர்முனையில் இருந்த பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, எந்த நாய், என்ன நிறம், எத்தனை மணி, சட்டியில் கொஞ்சமாவது தண்ணீர் இருந்ததா, படம் எடுத்தீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒல்லி என்பதை மட்டும் வைத்து ஒன்றும் செய்ய முடியாதாம். அலாஸ்கன் ஹஸ்கி ஓடுவதற்கென்றே வளர்க்கப்படும் நாய், நம் கண்ணுக்கு எலும்பும் தோலுமாகத்தான் தெரியும், அதிகாரி நேரில் போய் விலாவையும் முதுகெலும்பையும் கையால் தடவிப் பார்த்தால்தான் பட்டினியா இல்லையா என்று சொல்ல முடியும். பனியில் சுருண்டு படுத்திருப்பதும் அப்படித்தான், சங்கிலியில் கட்டுவது மட்டுமே குற்றமும் இல்லை. ஆனால் உறைந்த சட்டி என்றதும் அவர் குரல் மாறியது.

முதலில் ஓர் அதிகாரி போய்ப் பார்ப்பார், குறை இருந்தால் இன்ன தேதிக்குள் சரி செய் என்று எழுதிக் கொடுப்பார், மறுபடி போய்ப் பார்ப்பார். அப்போதும் நாய் அவதிப்பட்டால் வாரண்ட் வாங்கிப் பறிமுதல் செய்யலாம். வழக்குப் போடுவதா வேண்டாமா என்பது அரசு வழக்கறிஞர் கையில். என் புகார் என்ன ஆனது என்று எனக்குச் சொல்லவில்லை, அந்த விவரங்களை வெளியாளுக்குச் சொல்லக் கூடாதாம். அதில் எனக்குக் கோபம் இல்லை, அடுத்த பனிக்காலம் வரை தூக்கம்தான் சரியில்லை.

அதற்குப் பிறகுதான் 2010இல் நடந்ததைத் தேடிப் படித்தேன். விஸ்லர் பகுதியில் ஒரு சவாரி நிறுவனம், ஒலிம்பிக் முடிந்து கூட்டம் குறைந்ததும், நூறு நாய்கள் வரை கொன்று புதைத்தது. ஒன்பது மாதம் வெளியே தெரியவில்லை. தெரிந்ததும் விலங்கு நலப் புகாரால் இல்லை, வசந்தி. கொன்ற ஆள் மனநிலை கெட்டுப்போய் தொழிலாளர் இழப்பீடு கேட்டுப் போட்ட மனுவால். 2011 மே மாதம் எஸ்பிசிஏ ஆட்கள் தோண்டி 56 உடல்களை எடுத்தார்கள். 2012இல் தண்டனை வந்தபோது ஒன்பது நாய்களின் வேதனைக்குத்தான் வந்தது, அதுவும் சிறை இல்லாமல் மூன்று வருட நன்னடத்தைக் கண்காணிப்பும் 1,500 டாலர் அபராதமும். அந்த ஒன்பது என்ற எண்ணை என்னால் இன்னும் விழுங்க முடியவில்லை.

அதனால் சட்டம் மாறியது உண்மை, 75,000 டாலர் வரை அபராதம், இரண்டு வருடம் வரை சிறை, ஸ்லெட் நாய்களுக்கென்றே 2012இல் தனி விதிகள். ஆனால் காட்டு வழியில் பத்துக் கிலோமீட்டர் உள்ளே இருக்கும் ஒரு கொட்டடியில் என்ன நடக்கிறது என்று, யாராவது பார்த்துச் சொன்னால்தானே அதிகாரி வர முடியும்?

நீ பதிவு செய்யாதே, கொஞ்சம் பொறு. நவம்பரில் நான் நேரில் போகிறேன். சவாரி கிளம்பும் இடத்தை இல்லை, நாய்கள் இரவில் படுக்கும் இடத்தைக் காட்டச் சொல்லப் போகிறேன். காட்டினால் அங்கேயே உங்களுக்கு இடம் போட்டுவிடுகிறேன். காட்டாவிட்டால் பிள்ளைகளுக்குப் பனிமனிதன் செய்யச் சொல்லித் தருகிறேன். பருப்புப் பொடி மறந்துவிடாதே.

உன்,
கீதா